நடுவில் வந்து நடுவில் போகிறவருக்கு ஒரு வீடியோ

கேலரியில் ஓடும் வீடியோவை முதல் ஃபிரேமிலிருந்து பார்க்கிறவர் அபூர்வம். உள்ளே நுழையும்போதே ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார், பிடித்தால் உட்காருவார், இல்லையென்றால் அடுத்த அறைக்குப் போய்விடுவார். வீடியோ கலை, சோதனைக் குறும்படம் என்று எதைத் தொடங்கினாலும் நான் முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்வது இந்த ஆளைத்தான். என்ன எடுப்பது, எவ்வளவு நீளம் வைப்பது, எங்கே வெட்டுவது, ஒலி எப்படி இருக்க வேண்டும் என்ற எல்லா முடிவுக்கும் அவர்தான் அளவுகோல். புதிதாக இந்தப் பக்கம் வரும் தம்பி தங்கைகள் கேமரா எது நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் பதில் சொல்கிறேன், ஆனால் முதலில் இந்த ஆளைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

மதுரையில் கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். ஹைலைட்ஸ் என்றால் நாலு நிமிடம், பாட்டின் தாளத்துக்கு வெட்டு, தாலி கட்டும் இடத்தில் ஸ்லோமோஷன். அதைப் பார்ப்பவர் உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பார், ஏனென்றால் அதில் அவர் வீட்டு மனிதர்கள் இருக்கிறார்கள். கை வேகம், ஒலியைச் சுத்தம் செய்யும் பழக்கம், கோப்புகளைத் தேதி போட்டு ஒழுங்காக வைப்பது எல்லாம் அந்தத் தொழில் எனக்குக் கொடுத்தவை. ஆனால் கண்காட்சிக்கு வருபவருக்கு என் படத்தில் சொந்தக்காரர் யாரும் கிடையாது. அவரை நிற்க வைக்க வேண்டியது அந்த நொடியில் திரையில் இருக்கும் படம் மட்டுமே.

விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு நடுவில் வருவதும் போவதும் புதிதில்லை. பாய் விரித்துப் படுத்துத் தூங்கி, நடுச்சாமத்தில் எழுந்து பார்த்தாலும் கதை எங்கே நிற்கிறது என்று சட்டென்று பிடிபட்டுவிடும், ஏனென்றால் பாரதக் கதை எல்லோருக்கும் தெரியும். வீடியோவில் அந்த வசதி கிடையாது. அதனால் எந்த நிமிடத்தில் ஒருவர் நுழைந்தாலும் இங்கே என்ன நடக்கிறது என்பதை அந்தக் காட்சியே சொல்லிவிட வேண்டும். முன்னால் வந்த காட்சி தெரிந்தால்தான் இந்தக் காட்சி புரியும் என்று கட்டினால், பாதி வழியில் வருகிறவரை நாமே வெளியே நிறுத்திவிடுகிறோம்.

இதற்குப் பெரிய கலைஞர்கள் கண்ட வழிகளைப் பார்த்தாலே நிறையக் கற்கலாம். கொரியாவில் பிறந்த கலைஞர் நாம் ஜூன் பைக் 1974-இல் செய்த 'டிவி புத்தா'வில் ஒரு புத்தர் சிலை, எதிரே ஒரு டிவி, டிவிக்கு மேல் ஒரு கேமரா. புத்தர் தன் உருவத்தையே நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கிறார். பதிவு என்று எதுவும் இல்லாததால் அதற்கு ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. கிறிஸ்டியன் மார்க்லே 2010-இல் முடித்த 'தி கிளாக்' 24 மணி நேரம் ஓடும். ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து கடிகாரமும் மணியும் வரும் துண்டுகளை எடுத்துக் கோத்திருக்கிறார். ஓடும் ஊரின் நேரத்தோடு அதை இணைத்துத்தான் போடுவார்கள். மத்தியானம் மூன்று ஐந்துக்கு நீங்கள் உள்ளே போனால் திரையிலும் மூன்று ஐந்து. எப்போது வந்தாலும் சரியான நேரத்தில் வந்தவராகிவிடுகிறீர்கள். 2011-இல் வெனிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியில் மார்க்லேவுக்குத் தங்கச் சிங்க விருது கிடைத்தது.

நம் நாட்டிலும் இந்த மரபு நீளமானது. ஓவியர் எம்.எஃப். ஹுசேன் ராஜஸ்தானில் வசனமே இல்லாமல் எடுத்த 'த்ரூ தி ஐஸ் ஆஃப் எ பெயின்டர்' 1967-இல் பெர்லின் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடியை வென்றது. மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த படம் அது. தியேட்டரில் மெயின் படத்துக்கு முன் ஓடிய நியூஸ் ரீலை வைத்து மட்டும் அந்த நிறுவனத்தை நினைவில் வைத்திருப்பவர்கள், அதே இடத்தில் பிரமோத் பதி 1968-இல் எடுத்த 'எக்ஸ்ப்ளோரர்' போன்ற படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். ஓவியர் அக்பர் பதம்சி 1969-இல் பம்பாயில் ஒரு பட்டறை தொடங்கி ஓவியர்களையும் ஒளிப்பதிவாளர்களையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தார். பின்னாளில் வீடியோ கலையில் பெயர் பெற்ற நளினி மலானி இளம் வயதில் கேமராவோடு வேலை செய்தது அங்கேதான். ஓவியர் தையப் மேத்தா 1970-இல் 'கூடல்' எடுத்தார். இந்தப் படங்கள் பலவும் இருட்டில் உட்கார்ந்து முதலிலிருந்து பார்ப்பவருக்காகச் செய்யப்பட்டவை. அந்த வித்தியாசம் பின்னால் வேலைக்கு ஆகும், திரும்ப வருகிறேன்.

கேமராவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் மும்பை கேம்ப் குழுவின் 'ஃப்ரம் கல்ஃப் டு கல்ஃப் டு கல்ஃப்' என்ற 2013 படம். கட்ச் வளைகுடாவிலிருந்து மரக்கப்பலில் சரக்கேற்றிப் போகும் மாலுமிகள் தங்கள் சாதாரண செல்போனில் எடுத்ததுதான் அதன் பெரும்பகுதி. ஆகவே கையில் இருக்கும் போன் போதும். ஆனால் அதன் அமைப்புகளை ஆட்டோமேட்டிக்கில் விடக் கூடாது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பாவு என்பது நெசவுக்குத் தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல். தெருவில் அதை இழுத்துக் கட்டும் வேலையை வைத்து நான் செய்த வீடியோவில் இது எல்லாமே வந்தது. பரமக்குடிக்கு எதிர்க்கரையில் எமனேசுவரம், நெசவாளர் ஊர். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பருத்திப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பெரிய பிரஷ்ஷால் நீவிக் காய வைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும், இல்லையென்றால் நூல் பிரியுமுன்னே கஞ்சி இறுகிவிடும். ஆயிரக்கணக்கான இழைகள் இடுப்பு உயரத்தில் தெருவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சைக்கிள்காரர் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார்.

ஒரே ஃபிரேம் என்று முதலிலேயே முடிவெடுத்தேன். பாவின் ஒரு முனையில், நூல் மட்டத்துக்குச் சற்று மேலே கேமரா. கீழ்ப்பாதி முழுக்க நூல், மேல்பாதியில் தெரு. கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவதும் இல்லை, ஜூமும் இல்லை. இப்படி ஒரு விதியை எடுக்கும் முன்பே போட்டுக்கொள்வது மிக முக்கியம். விதி இருந்தால்தான் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும். கேமராவை நகர்த்திக்கொண்டே இருந்தால் நம் கண் அடுத்த ஷாட்டைத் தேடும், நின்றுவிட்டால் முன்னால் நடப்பதைப் பார்க்கும். அங்கே நின்று பார்த்ததில்தான் எனக்குத் தெரிந்தது, நடுவில் ஒரு இழை அறுந்தால் தூரத்தில் நிற்பவர் எப்படியோ அதைக் கண்டுபிடித்துவிடுகிறார் என்று. குனிந்து பாவுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்து, இரண்டு முனையையும் விரல் நுனியில் முறுக்குகிறார். முறுக்கியதும் உள்ளங்கையால் அந்த இடத்தை ஒரு தடவு தடவுகிறார், சுற்றியுள்ள இழைகள் எல்லாம் ஒரு நொடி அதிர்ந்து அடங்குகின்றன. அந்த அதிர்வு கேமரா வரை ஓடி வருகிறது. வேறு எந்த ஆங்கிளில் எடுத்திருந்தாலும் இது கிடைத்திருக்காது.

நான் அசையாமல் நிற்பதைப் பார்த்த பெரியவர் ஒருவர் கேட்டார், “என்ன தம்பி, கேமராவ வச்சுட்டு நீங்க பாட்டுக்கு நிக்கிறீங்க?”

“அது பாத்துக்கிட்டு இருக்குங்கய்யா.”

“அப்ப சரி. எங்க வேலையும் அப்படித்தான், கையி ஓடும், கண்ணு வேற எடத்துல இருக்கும்.”

இனி தொழில்நுட்பம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்ஈடி பல்பும் நொடிக்கு 100 முறை துடிக்கும். போன் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேம் என்று வரும், ஷட்டரும், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் வாங்கும் நேரமும், 1/60 நொடி போல ஏதாவது எடுத்துக்கொள்ளும். அப்போது திரையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டே இருக்கும். 25 ஃபிரேம் வைத்து ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் பூட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தெருவிளக்கு அணையாத விடியற்காலையில் எடுப்பதால் எனக்கு இது கட்டாயமாக இருந்தது.

அப்புறம் வொயிட் பேலன்ஸ், அதாவது எதை வெள்ளை என்று கேமரா எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அமைப்பு. ஆட்டோவில் விட்டால் விடியலின் நீலத்தைக் கேமரா தானாகவே வெள்ளையாக்கிவிடும், வெயில் வந்ததும் அதையும் வெள்ளையாக்கும். பொழுது விடிந்தது படத்தில் தெரியவே தெரியாது. நான் 5600 கெல்வினில் பூட்டி வைத்தேன். எக்ஸ்போஷரையும், அதாவது கேமரா வாங்கும் வெளிச்ச அளவையும், பூட்டினேன், அதுவும் வெயில் வந்த பிறகு எது சரியோ அந்த அளவுக்கு. தொடக்கம் இருட்டாகத்தான் இருக்கும், இருக்கட்டும். இருட்டிலிருந்து நூல் ஒவ்வொன்றாகத் தெரிய வருவதுதான் எனக்கு வேண்டியது. கேமராவுக்கு முப்பது நிமிடப் பதிவு எல்லை இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பழைய ஃபோட்டோ கேமராக்கள் பலவற்றில் 29 நிமிடம் 59 நொடியில் பதிவு தானாக நின்றுவிடும்.

ஒலியைத் தனி ரெக்கார்டரில் எடுத்தேன். பாவுக்கு அருகே ஒன்று, தெருமுனையில் ஒன்று. பிரஷ் நூலின் மேல் போகும்போது வரும் சரசரப்புதான் இந்த வீடியோவின் முதுகெலும்பு. பின்னணி இசை போடச் சொல்லிப் பலர் சொன்னார்கள், நான் போடவில்லை. பாட்டு ஒரு கட்டத்தில் தொடங்கி ஒரு கட்டத்தில் முடியும். அதை வைத்தவுடன் படத்துக்கும் தலையும் வாலும் வந்துவிடும், நடுவில் வருகிறவருக்கு நான் திறந்து வைத்த கதவு மூடிக்கொள்ளும்.

கேலரியில் வீடியோ முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும், அதுதான் லூப். எடிட்டில் எனக்கு அதிக நேரம் பிடித்தது அந்த லூப்பின் மூட்டு. முடிவும் ஆரம்பமும் சேருகிற இடம் தெரியக் கூடாது. ஆனால் ஆரம்பத்தில் நீல வெளிச்சம், முடிவில் மஞ்சள் வெயில். கலர் கரெக்‌ஷன் செய்து இரண்டையும் ஒன்றாக்கலாம், அப்படிச் செய்தால் பூட்டி வைத்த விடியலே போய்விடும். காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில் வழி அதிலேயே இருந்தது. பிரஷ்ஷைப் பிடித்து நடப்பவர்கள் பாவின் முனை வரை வந்து திரும்புகிறார்கள். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கேமராப் பக்கம் நடப்பவரின் வெள்ளை வேட்டி ஒரு கணம் ஃபிரேம் முழுவதையும் மூடுகிறது. கடைசிச் சுற்றின் வேட்டியில் வெட்டி முதல் சுற்றின் வேட்டியில் சேர்த்தேன். வேட்டி விலகும்போது வெயில் போய் மறுபடி கருக்கல். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை இது நடக்கும். கண்காட்சியில் சும்மா எட்டிப் பார்த்தவர்கள் இந்தக் கணத்தில் மாட்டிக்கொண்டு, அது மறுபடி எப்போது வரும் என்று உட்கார்ந்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

படத்தின் மூட்டை விட ஒலியின் மூட்டைக் காது சீக்கிரம் பிடித்துவிடும். அதனால் படம் வெட்டும் இடத்திலேயே ஒலியை வெட்டாதீர்கள். பழைய சுற்றின் ஒலியைச் சில நொடிகள் புதிய சுற்றுக்குள் நீட்டி மெதுவாகக் கரைய விடுங்கள். கண் ஒரு இடத்தில் தாண்டும், காது வேறு இடத்தில் தாண்டும், மொத்தத்தில் இரண்டும் தெரியாமல் போகும்.

கேலரிக்கு அனுப்பும் முன் அதே தெருவில் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி வீடியோவைப் போட்டுக் காட்டினேன். யார் முகம் எல்லாம் படத்தில் இருக்கிறதோ அவர்கள் முதலில் பார்க்க வேண்டும், சரி என்று சொன்ன பிறகே வெளியே போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எழுத்திலும் சம்மதம் வாங்குகிறேன், தமிழில், ஒரு பக்கத்துக்கு மிகாமல். எங்கெல்லாம் காட்டுவேன், பணம் வந்தால் எப்படிப் பங்கு, வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது, இவ்வளவுதான் அதில் இருக்கும். திரையில் அவர்கள் பார்த்தது நான் பார்த்ததை அல்ல. பாவின் இழுவிசை இடது பக்கம் தளர்ந்திருப்பதைப் பற்றி அரை மணி நேரம் பேச்சு ஓடியது. ஒரு பெண்மணி மட்டும் பாவு பிரிக்கும் வேலையைப் பொம்பளைகள்தானே செய்கிறோம், அது ஏன் இதில் இல்லை என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்த வீடியோ அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து தொடங்குகிறது.

இனி அறை. வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது, ஆனால் பலரும் பென் டிரைவைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். அறையை நேரில் போய்ப் பாருங்கள், அதுவும் கண்காட்சி திறந்திருக்கும் நேரத்தில். சாயங்காலம் இருட்டாக இருக்கும் அறை காலை பதினோரு மணிக்கு வெளிச்சமாக இருக்கும். ப்ரொஜெக்டர் எவ்வளவு தூரத்தில் வைக்க முடியும் என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அதன் த்ரோ ரேஷியோ, அதாவது படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரம் வேண்டும் என்ற கணக்கு, 1.5 என்றால் மூன்று மீட்டர் அகலப் படத்துக்கு நாலரை மீட்டர் தூரம் வேண்டும். படத்தின் அகலத்தை இரு மடங்கு ஆக்கினால் வெளிச்சம் கால் பங்குக்கு இறங்கிவிடும், அதனால் இருட்டு போதாத அறையில் சிறிய, பளிச்சென்ற படமே மேல். என் வீடியோவின் தொடக்கம் மங்கலானது என்பதால், பெரிய சுவரைக் கொடுத்தபோதும் சிறிய அளவையே கேட்டு வாங்கினேன்.

ஒரு கண்காட்சியில் பக்கத்து அறையின் பாட்டு என் அறைக்குள் வந்து பிரஷ் சத்தத்தை முழுங்கிவிட்டது. கனமான திரைச்சீலையும் தரைக்கு ஜமுக்காளமும் போட்ட பிறகு பாதி அடங்கியது. மீதிக்கு ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து எடுத்துப் பெஞ்சுக்குப் பக்கத்தில், காது மட்டத்தில் வைத்தேன். ஒலியைக் கூட்டாமல் பார்ப்பவருக்கு நெருக்கமாகக் கொண்டுபோனதே போதுமானதாக இருந்தது. பெஞ்சு கட்டாயம் கேளுங்கள். உட்கார இடம் இருந்தால் நிற்கும் நேரம் பல மடங்கு கூடும். அறிவிப்பு அட்டையில் நீளத்தைப் போடுங்கள்: ‘12 நிமிடம், தொடர்ந்து ஓடும்’. எவ்வளவு நேரம் என்று தெரிந்தவர் நிம்மதியாக உட்காருகிறார்.

லூப்பில் இன்னொரு சிக்கல் பிளேயர். சாதாரண டிவியில் பென் டிரைவைச் செருகி ரிப்பீட் போட்டால், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு நொடி கறுப்பாகும், சிலதில் கோப்பின் பெயர் வேறு வந்து போகும். வேட்டியில் ஒளித்து வைத்த மூட்டு அங்கே வெட்ட வெளிச்சமாகிவிடும். அதனால் டைம்லைனில் அதே பன்னிரண்டு நிமிடத்தை இருபது முறை அடுக்கி, நாலு மணி நேரக் கோப்பாக எடுத்துவிடுகிறேன். இடைவெளி நாலு மணிக்கு ஒரு தடவைதான் வரும். நொடிக்கு 20 மெகாபிட் என்றால் அந்தக் கோப்பு சுமார் 36 ஜிபி ஆகும். ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்து, அங்கிருக்கும் பிளேயர் அதைப் படிக்கிறதா என்று முன்னாலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்கும் பிளேயராக இருக்க வேண்டும், ப்ரொஜெக்டரிலும் மின்சாரம் வந்ததும் தானே எரியும் அமைப்பு இருந்தால் அதை ஆன் செய்துவிடுங்கள். காலையில் அறையைத் திறக்கும் அக்காவுக்கு ஒரே ஒரு சுவிட்ச் போதும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தால்தான் உங்கள் வேலை கண்காட்சி முழுக்க ஒழுங்காக ஓடும். அந்த அக்காவோடு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். எந்த நேரத்தில் கூட்டம் வருகிறது, எங்கே எழுந்து போகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

திரைப்பட விழாவுக்கு அனுப்பும்போது நான் வேறு பதிப்பு தயாரிக்கிறேன். முன்னால் சொன்ன வித்தியாசம் இங்கேதான் வருகிறது. விழாவில் விளக்கு அணையும், எல்லோரும் ஒன்றாக முதலிலிருந்து பார்ப்பார்கள், அதனால் வேட்டி மூட்டுக்கு அங்கே வேலை இல்லை. முழு இருட்டில் தொடங்கி, பாவைச் சுருட்டி எடுத்துத் தெரு காலியாகும் வரை விட்டிருக்கிறேன், ஒன்பது நிமிடம். ஒரு விழாவில் 24 ஃபிரேமில்தான் வேண்டும் என்றார்கள். 25-ஐ அப்படியே 24-இல் ஓட்டினால் படம் நாலு விழுக்காட்டுக்குச் சற்று மேல் நீளும், ஒலியின் சுருதியும் இறங்கும். பேச்சோ பாட்டோ இருந்தால் சுருதியைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். கட்டணம் வாங்கும் விழாக்களுக்கு வாரி இறைக்காமல், அந்த விழாவில் முன்பு காட்டிய படங்கள் நாலைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். கேலரிகள் வீடியோவை எடிஷனாக விற்கும், ஐந்து பிரதி என்றால் ஐந்தோடு சரி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்திட்ட சான்றிதழ். எனக்கு அது இன்னும் அமையவில்லை. காட்டுவதற்கான கட்டணம் மட்டும் சில இடங்களில் கிடைத்திருக்கிறது, அதுவும் கேட்டதால். இப்போது அழைப்பு வந்ததும் பதில் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுகிறேன்: கலைஞர் கட்டணம் எவ்வளவு, ப்ரொஜெக்டரும் பிளேயரும் யார் பொறுப்பு, எந்த மாடல், அறை தனியா பொதுவா, ஒலி வைக்கலாமா, பெஞ்சு உண்டா, பொருத்துவதற்கு ஒரு நாள் முன்னால் வர முடியுமா, கண்காட்சி முடிந்ததும் கோப்பை அழிப்பார்களா. எழுத்தில் பதில் வந்த பிறகே கோப்பை அனுப்புகிறேன்.